நேற்று ராத்திரி பேக்கப் ஓடியதா? டெர்மினலில் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னச் சின்ன அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. காலையில் வரும் போன்களில் பாதி பேக்கப் பற்றியதுதான். “சார், ஏதோ சிவப்பா வருது”, “அண்ணே, டெட்னு காட்டுது, என்ன பண்ண?” என்று ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரு இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பக்கம்.

கமாண்டுகளைப் போனில் வாசித்துச் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் உபுண்டு, டெபியன் சர்வர்களுக்கானவை. பேக்கப் வேலைக்கு ‘நைட்பேக்கப்’ என்று பெயர் வைத்திருக்கிறோம், அது விடியற்காலை 2 மணிக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நேற்று ராத்திரி ஓடியதா இல்லையா, ஒரே கமாண்டில் எப்படிப் பார்ப்பது?

சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் நிர்வாகி) டைமரில் பேக்கப்பை வைத்திருந்தால் ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’. ஒரு டைமருக்கு ஒரு வரி வரும். ‘லாஸ்ட்’ பத்தியில் கடைசியாக எப்போது கிளம்பியது, ‘நெக்ஸ்ட்’ பத்தியில் அடுத்து எப்போது கிளம்பும் என்று இருக்கும். உங்கள் டைமர் பட்டியலிலேயே இல்லையா? பெரும்பாலும் யாரோ ‘என்ஏபிள்’ மட்டும் கொடுத்துவிட்டு ‘ஸ்டார்ட்’ கொடுக்க மறந்திருப்பார்கள். அடுத்த தடவை சர்வரை ரீபூட் செய்யும்வரை அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ‘என்ஏபிள் --நவ்’ என்று கொடுத்தால் இரண்டும் சேர்ந்து நடந்துவிடும்.

ஆனால் இந்தப் பட்டியல் சொல்வது கிளம்பிய நேரத்தை மட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததா என்பது இதில் தெரியாது. அதற்கு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் நைட்பேக்கப்.சர்வீஸ்’ அடிக்க வேண்டும். கடைசியில் ‘சர்வீஸ்’ என்று போடுங்கள், ‘டைமர்’ என்று அல்ல. டைமரின் நிலையைப் பார்த்துவிட்டு, பச்சையாக இருக்கிறது என்று நிம்மதியாகப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேக்கப் தினமும் தோற்றாலும் டைமர் பச்சையாகத்தான் இருக்கும். மணி அடிப்பதோடு அதன் வேலை முடிந்தது.

கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் பழைய வழி) வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ‘ஜர்னல்சிடிஎல் -யு கிரான் --சின்ஸ் யெஸ்டர்டே’ அடித்தால் 2 மணிக்கு இந்த கமாண்டைத் தொடங்கினேன் என்று ஒரு வரி இருக்கும். முடிந்ததா, தோற்றதா என்று கிரான் தானாக எழுதி வைக்காது. அதனால் புதிதாக அமைப்பவர்களை டைமருக்கே போகச் சொல்கிறேன்.

‘இன்ஆக்டிவ் (டெட்)’ என்று வருகிறதே, செத்துவிட்டதா?

இல்லை. நல்ல செய்திதான். வெப் சர்வர் மாதிரி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய சர்வீஸுக்குத்தான் ‘டெட்’ என்பது கெட்ட செய்தி. பேக்கப் ஒரு தடவை ஓடி முடிந்து இறங்கிவிடும் வேலை. முடிந்தபின் ‘இன்ஆக்டிவ் (டெட்)’ என்றுதான் காட்டும்.

அதற்கு இரண்டு மூன்று வரி கீழே ‘மெயின் பிஐடி’ (ஓடும் நிரலின் அடையாள எண்) என்று ஒரு வரி இருக்கும். அதன் கடைசியில் ‘ஸ்டேட்டஸ்=0/சக்சஸ்’ இருந்தால் முடிந்துவிட்டது. தோற்றிருந்தால் மேலேயே ‘ஃபெயில்டு’ என்று சிவப்பில் வந்துவிடும். தோற்றவற்றை மட்டும் பார்க்க ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’ போதும். ஒன்று கவனியுங்கள்: சர்வரை ரீபூட் செய்தால் அந்தச் சிவப்பு அழிந்துவிடும். “ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிடுச்சு” என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

எக்ஸிட் கோடு என்றால் என்ன? எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும்?

லினக்ஸில் எந்த நிரலும் முடியும்போது ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். 0 என்றால் போன காரியம் ஆயிற்று. மற்ற எண்களுக்கு ஒவ்வொரு நிரலும் தனித்தனி அர்த்தம் வைத்திருக்கிறது. கையால் ஓட்டினால், முடிந்த உடனே ‘எக்கோ $?’ அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு ‘எல்எஸ்’ அடித்துவிட்டால் அந்த ‘எல்எஸ்’ஸின் எண்தான் கிடைக்கும்.

ஆர்சிங்க்கில் (கோப்புகளை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் கருவி) எனக்கு அடிக்கடி வரும் எண்கள் 23, 24. பக்கத்துப் பக்கத்து எண்தான், குணம் வேறு. 24 என்றால், பட்டியல் போடும்போது இருந்த கோப்பு நகலெடுக்கப் போகும்போது இல்லை. மெயில் சர்வரிலும், தற்காலிகக் கோப்புகள் வந்து வந்து போகும் இடங்களிலும் இது தினசரி நடப்பு, விட்டுவிடலாம். 23 அப்படி இல்லை. சில கோப்புகளை அதனால் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று அர்த்தம். எந்தக் கோப்பு என்று லாகில் தேடாமல் அன்றைய வேலையை முடிக்காதீர்கள், பெரும்பாலும் பெர்மிஷன் பிரச்சினையாக இருக்கும். 11 வந்தால் முதலில் மறுமுனையில் ‘டிஎஃப் -ஹெச்’ அடித்து டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். 30 என்றால் காத்திருந்து காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. 255 வந்தால் ஆர்சிங்க்கைத் திட்டாதீர்கள், மறுமுனைச் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்பே கிடைக்கவில்லை.

24-ஐத் தோல்வியாக எண்ண வேண்டாம் என்று சிஸ்டம்டியிடம் சொல்ல, சர்வீஸ் கோப்பில் ‘சக்சஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=24’ என்று ஒரு வரி போதும். இதைப் போடாமல் விட்டால் தினமும் சிவப்பு வரும். தினமும் சிவப்பு வந்தால் பத்தாம் நாள் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியில் 3 என்ற எண்ணைக் கவனியுங்கள். சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை, ஆனாலும் கிடைத்ததை வைத்து ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) போட்டுவிட்டேன் என்கிறது. பட்டியலில் அந்த ஸ்னாப்ஷாட் மற்றவற்றைப் போலவே நிற்கும், உள்ளே ஓட்டை இருக்கும். 1 என்றால் ஸ்னாப்ஷாட்டே விழவில்லை. 0.17-க்குப் பிந்தைய பதிப்புகளில் ரெப்பாசிட்டரி (பேக்கப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) இல்லையென்றால் 10, பூட்டுப் பிரச்சினைக்கு 11, பாஸ்வேர்டு தப்பென்றால் 12 என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு இதெல்லாம் 1-லேயே அடக்கம்.

போர்க் என்ற பேக்கப் கருவி எளிமையானது: 0 நல்லது, 1 எச்சரிக்கை, 2 தோல்வி. அதன் புதிய பதிப்புகளில் இதையும் விரிவாகப் பிரித்துக்கொள்ள வழி உண்டு. டார்-இல் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவி) 1 வந்தால், படித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ கோப்பு மாறியிருக்கிறது. லாக் கோப்பு என்றால் கவலையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே டார் செய்துகொண்டிருந்தீர்கள் என்றால், 0 வந்தாலும் அந்த நகலை நம்ப மாட்டேன்.

இன்னொரு எண், 137. இது எந்த நிரலின் சொந்த எண்ணும் அல்ல. 128-ஓடு 9-ஐக் கூட்டியது, அதாவது யாரோ ‘கில் -9’ அடித்திருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் லினக்ஸின் மையமான கெர்னல்தான், ரேம் போதாமல் பெரிய நிரலாகப் பார்த்துக் கொன்றிருக்கும். ‘ஜர்னல்சிடிஎல் -கே’ அடித்து ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தேடினால் அகப்படும்.

0 வந்தது, லாக் சுத்தமாக இருந்தது, ஆனால் பேக்கப் கோப்பு காலி. எப்படி?

ஸ்கிரிப்டில் பைப் (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்த கமாண்டுக்குக் கொடுக்கும் | குறி) இருக்கிறதா என்று பாருங்கள். ‘மைஎஸ்க்யூஎல்டம்ப் … | ஜிஜிப் > கோப்பு’ என்ற வரி இல்லாத அலுவலகம் அபூர்வம். இந்த வரிக்கு ஷெல் (கமாண்டுகளை வாங்கி ஓட்டும் நிரல்) கொடுக்கும் எக்ஸிட் கோடு, கடைசியில் இருக்கும் ஜிஜிப்பினுடையது. முன்னால் இருக்கும் டம்ப் (டேட்டாபேஸை நகலாக எழுதித் தரும் நிரல்), பாஸ்வேர்டு தப்பு என்று சொல்லி முதல் நொடியிலேயே விழுந்தாலும், ஜிஜிப் ஒன்றுமில்லாததைப் பத்திரமாகச் சுருக்கி 0 கொடுத்துவிட்டுப் போகும்.

இதை நான் சொந்தமாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வர். டிஸ்க்கில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன், பேக்கப்பைப் பார்க்கப் போகவில்லை. ‘எல்எஸ் -எல்’ அடித்தால் தேதிவாரியாகக் கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு தேதி வரைக்கும் அளவுப் பத்தியில் ஒன்பது இலக்க எண்கள். அதற்குக் கீழே 20, 20, 20, 20 என்று திரை முடியும்வரை. 20 பைட். உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஜிஜிப் செய்தால் வரும் கோப்பின் அளவு அதுதான்: தலைப்புக்கு 10, வெற்றுத் தரவுக்கு 2, கடைசிச் சரிபார்ப்புக்கு 8. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியவன் நானேதான். ஸ்கிரிப்டில் மாற்ற மறந்தவனும் நானே. நல்ல வேளை, அதுவரை டிஸ்க் போகவில்லை. அந்த எண்ணை இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் வயிற்றைப் பிசையும்.

வைத்தியம் சின்னது. ஸ்கிரிப்டின் மேலே ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ என்று ஒரு வரி. பைப்பில் எந்த நிரல் விழுந்தாலும் மொத்த வரியும் விழுந்ததாக எண்ணிக்கொள்ளும். இது பாஷ் ஷெல்லின் வசதி. கிரான் தன் பாட்டுக்குக் கூப்பிடுவது ‘எஸ்ஹெச்’, டெபியனிலும் உபுண்டுவிலும் அது டேஷ் என்ற வேறு ஷெல். அதனால் கமாண்டை கிரான் வரியிலேயே நீளமாக எழுதாமல், முதல் வரியில் பாஷ் என்று குறித்த ஒரு ஸ்கிரிப்டில் போட்டு அதைக் கூப்பிடுங்கள்.

அதோடு இன்னொரு சோதனை. முழுசாக முடிந்த மைஎஸ்க்யூஎல் டம்பின் கடைசி வரி ‘டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்’ என்று தேதியோடு இருக்கும். ‘இசட்கேட் கோப்பு | டெயில் -1’ அடித்தால் அந்த வரி வர வேண்டும். வராவிட்டால் பாதியில் அறுந்த டம்ப். போஸ்ட்கிரெஸிலும் இதே மாதிரி ‘டேட்டாபேஸ் டம்ப் கம்ப்ளீட்’ என்ற வரி கடைசிப் பக்கமாக இருக்கும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பாத், அதாவது கமாண்டுகளைத் தேடும் இடங்களின் பட்டியல். உங்கள் டெர்மினலுக்குத் தெரியும் இடங்கள் எல்லாம் கிரானுக்குத் தெரியாது. ரெஸ்டிக்கைக் கையால் இறக்கி ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ உள்ளே வைத்திருந்தால் கிரான் அங்கே எட்டிப் பார்க்காது. எக்ஸிட் கோடு 127 வந்தால் இதுதான், கமாண்டே கிடைக்கவில்லை என்று பொருள். முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள்.

இரண்டு, சதவீதக் குறி. கோப்புப் பெயரில் தேதி வருவதற்காக ‘டேட் +%எஃப்’ என்று கிரான் வரியில் எழுதியிருப்பீர்கள். கிரானுக்கு % என்றால் புது வரி. கமாண்ட் அந்த இடத்தோடு வெட்டுப்பட்டுவிடும். முன்னால் ஒரு \ போட வேண்டும். நானும் இதற்காக ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன், ஏனென்றால் அதே வரியை டெர்மினலில் ஒட்டினால் அழகாக ஓடும்.

மூன்றாவது, எஸ்எஸ்ஹெச் சாவி. நீங்கள் உள்ளே இருக்கும்போது ஏஜென்ட் (சாவியை நினைவில் வைத்திருக்கும் நிரல்) சாவியை நீட்டிவிடுகிறது. ராத்திரி 2 மணிக்கு கிரானுக்கு நீட்ட ஆள் இல்லை.

தப்பு நடந்தால் கிரான்தான் மெயில் அனுப்புமே, அது போதாதா?

மெயில் வந்து சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். ராத்திரி வேலையில் ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்குமே என்று அமேசான் எஸ்3 பக்கெட்டை (இணையச் சேமிப்பிடம்) திறந்தால் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்துக்கொண்டிருந்த கருவியோ 9.2. பதிப்பு பொருந்தவில்லை என்று அது ஒவ்வொரு தடவையும் விழுந்திருக்கிறது. விழும்போதெல்லாம் கிரான் மெயிலும் அனுப்பியிருக்கிறது. அந்த மெயில்களில் டிமார்க் (அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் முறை) சரிபார்ப்புக்குத் தேவையான கையொப்பம் இல்லாததால், வாங்கும் பக்கம் எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்). நடுவில் வந்த ஐயாயிரம் போல புராஜெக்ட்டுகளும், அதே அளவு கமெண்டுகளும், 700 போலப் புதுக் கணக்குகளும் திரும்பவில்லை.

இதில் ஸ்கிரிப்ட் தோற்றது எல்லா இடத்திலும் நடப்பதுதான். தோற்ற செய்தியும் சேர்ந்து தோற்றதுதான் விஷயம். ‘தப்பு நடந்தால் சொல்’ என்று அமைத்தால், சொல்கிறவன் வாய் அடைத்துப்போனதும் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். இதைத் திருப்பிப் போட்டு, ‘நல்லபடியாக முடிந்தால் சொல், சொல்லாவிட்டால் நான் கத்துவேன்’ என்று அமைக்க வேண்டும். எப்படி என்பது கீழே பத்து சர்வர் கேள்வியில்.

பேக்கப் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அல்லது சிக்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ‘பிஎஸ் -ஈஓ பிஐடி,ஸ்டேட்,ஈடைம்,கமாண்ட் | கிரெப் ரெஸ்டிக்’. ‘ஈடைம்’ எத்தனை நேரமாக ஓடுகிறது என்று சொல்லும். வழக்கமாக 40 நிமிடம் ஆகிற வேலை ஏழு மணி நேரமாக ஓடினால் ஏதோ சரியில்லை.

ஆள் அசைகிறானா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி: ‘வாட்ச் -என் 5 கேட் /புராக்/எண்/ஐஓ’. ‘எண்’ என்ற இடத்தில் பிஐடி. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ‘ரீட்_பைட்ஸ்’, ‘ரைட்_பைட்ஸ்’ எண்களைக் காட்டும். எண் ஏறிக்கொண்டிருந்தால் மெதுவாகவாவது வேலை நடக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் எதுவும் நகராமல், ‘ஸ்டேட்’ பத்தியில் ‘டி’ (D) என்று நின்றால், அது டிஸ்க்குக்கோ நெட்வொர்க் டிஸ்க்குக்கோ காத்துக்கொண்டு உறைந்து நிற்கிறது. அந்த நிலையில் ‘கில் -9’ கூட ஏறாது. மறுமுனையில் இருக்கும் நாஸ் பெட்டியைப் போய்ப் பாருங்கள்.

ரெஸ்டிக்குக்கு ‘கில் -யூஎஸ்ஆர்1 பிஐடி’ என்று அனுப்பினால், நிற்காமல், இதுவரை எத்தனை கோப்பு, எத்தனை ஜிபி என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். பெயரில் ‘கில்’ இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஆனால் இதே சிக்னலை ஆர்சிங்க்குக்கு அனுப்பிவிடாதீர்கள். அது வேலையைப் பாதியிலேயே விட்டுப் படுத்துவிடும். ஆர்சிங்க்கில் முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் தொடங்கும்போதே ‘--இன்ஃபோ=புராக்ரஸ்2’ கொடுத்திருக்க வேண்டும்.

முந்தைய பேக்கப் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டால்?

சிஸ்டம்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒரே சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது டைமர் மறுபடி மணி அடித்தாலும் இரண்டாவது பிரதி கிளம்பாது. கிரான் அப்படி யோசிக்காது, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகும். ‘எஃப்லாக் -என்’ என்பதை முன்னால் சேர்த்து, ஒரு பூட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

ரெஸ்டிக் தானாகவும் பூட்டு வைத்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போய்ப் பூட்டு மட்டும் மிஞ்சியிருந்தால் ‘ரெஸ்டிக் அன்லாக்’ போதும், கைவிடப்பட்ட பூட்டுகளை மட்டும் எடுக்கும். ‘--ரிமூவ்-ஆல்’ சேர்க்கும் முன் வேறு எந்த மெஷினிலிருந்தும் பேக்கப் ஓடவில்லை என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து சர்வர் இருக்கிறது. தினமும் ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்க முடியுமா?

முடியாது, முதல் வாரம் பார்ப்பீர்கள், அப்புறம் விட்டுவிடுவீர்கள். எல்லா சர்வரிடமும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக நல்லபடியாக முடிந்து எத்தனை மணி நேரம் ஆகிறது?

ரெஸ்டிக்கில் ‘ரெஸ்டிக் ஸ்னாப்ஷாட்ஸ் --லேட்டஸ்ட் 1’ அந்த நேரத்தைக் காட்டும். ‘--ஜேசன்’ சேர்த்தால் ஸ்கிரிப்டில் கணக்குப் போட வசதி. மேலே சொன்ன 3-ஐ மறக்காதீர்கள், ஸ்னாப்ஷாட் இருப்பது மட்டும் சாட்சி இல்லை. டம்ப் கோப்புகள் என்றால் இன்னும் எளிது: ‘ஃபைண்ட் /பேக்கப் -நேம் "*.ஜிஇசட்" -எம்மின் -1560 -சைஸ் +1எம்’. 1560 நிமிடம் என்றால் 26 மணி நேரம். அதற்குள் வந்த, 1 எம்பியைத் தாண்டிய கோப்பு இருந்தால் பெயரைச் சொல்லும், இல்லாவிட்டால் மௌனம். 24 என்று வைக்காமல் 26 வைப்பதற்குக் காரணம், ஒரு நாள் பத்து நிமிடத்தில் முடிந்தது மறுநாள் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். சும்மா சும்மா மணி அடித்தால் மணிக்கு மரியாதை போய்விடும். அளவு நிபந்தனையும் முக்கியம். என் 20 பைட் கோப்புகள் நேரக் கணக்கில் தினமும் பாஸ் ஆகியிருக்கும்.

இந்த வரியை எஸ்எஸ்ஹெச் வழியாகப் பத்து சர்வரிலும் ஓட்டும் ஒரு ‘ஃபார்’ சுற்று எழுதிக்கொண்டால், காலை டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

அதையும் தானாக நடத்த, ஹெல்த்செக்ஸ் மாதிரியான சேவைகள் இருக்கின்றன. அது திறந்த மூல மென்பொருள், விரும்பினால் சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஒவ்வொரு பேக்கப்புக்கும் ஒரு முகவரி கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் ‘கர்ல்’ மூலம் அந்த முகவரியைத் தட்டினால் போதும். குறித்த நேரத்துக்குள் தட்டு வரவில்லை என்றால் அங்கிருந்து உங்களுக்குச் செய்தி வரும். சர்வரே அணைந்துகிடந்தாலும், நெட் போயிருந்தாலும், கிரானையே யாரோ அழித்திருந்தாலும் தட்டு வராது, அதனால் தெரிந்துவிடும்.

ஸ்கிரிப்டுக்கும் கர்லுக்கும் நடுவே && போடுங்கள். ; போட்டால் பேக்கப் தோற்றாலும் தட்டும். இந்த ஒரு குறியைத் தப்பாகப் போட்டு, மூன்று மாதம் பச்சை விளக்கை ரசித்த அலுவலகம் ஒன்று எனக்குத் தெரியும்.

விண்டோஸ் சர்வரில்?

விண்டோஸின் சொந்த பேக்கப் என்றால், ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க ‘டபிள்யூபிஅட்மின் கெட் ஸ்டேட்டஸ்’, இதுவரை இருப்பவற்றைப் பட்டியலிட ‘டபிள்யூபிஅட்மின் கெட் வெர்ஷன்ஸ்’. பவர்ஷெல்லில் ‘கெட்-டபிள்யூபிசம்மரி’ அடித்தால் கடைசியாக வெற்றி பெற்ற நேரம் தனி வரியில் வரும். நமக்கு வேண்டியது அந்த வரிதான். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துகொள்ளுங்கள்.

டாஸ்க் ஷெட்யூலரில் வைத்த வேலைக்கு ‘லாஸ்ட் ரிசல்ட்’ எண்ணைப் பார்க்கணும். 267009 வந்தால் பதறாதீர்கள், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 267011 என்றால் இதுவரை ஒரு தடவைகூட ஓடவில்லை.

விண்டோஸின் நகலெடுக்கும் கமாண்டான ரோபோகாப்பி மட்டும் தனி ஜாதி. அங்கே 1 வந்தால் வெற்றி: கோப்புகளை நகலெடுத்தேன் என்கிறது. 0 என்றால் நகலெடுக்க ஒன்றும் இல்லை. 2 மறுமுனையில் கூடுதல் கோப்புகள், 4 பொருந்தாதவை, 8 நகலெடுக்க முடியாதவை, 16 மொத்தமாகத் தோல்வி. இவற்றைக் கூட்டிக் கொடுக்கும், ஆகவே 3 என்றால் 1-ம் 2-ம் சேர்ந்தது. 7 வரை தோல்வி இல்லை, 8-லிருந்து பயம். லினக்ஸ் பழக்கத்தில் ‘0 இல்லாவிட்டால் தப்பு’ என்று ஸ்கிரிப்ட் எழுதினால், வேலை நன்றாக நடந்த நாளில் எல்லாம் கத்தும்.

மேக்கில்?

டைம் மெஷின் (மேக்கின் சொந்த பேக்கப்) என்றால் ‘டிஎம்யுடில் ஸ்டேட்டஸ்’, ‘டிஎம்யுடில் லேட்டஸ்ட்பேக்கப்’. இரண்டாவதற்கு டெர்மினலுக்கு முழு டிஸ்க் அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் பாக்குலா என்ற பேக்கப் மென்பொருள். அதில் வரும் ஒற்றை எழுத்துகள் என்ன?

‘பிகன்சோல்’ திறந்து ‘லிஸ்ட் ஜாப்ஸ்’ கொடுத்தால் கடைசிப் பத்தியில் ஒரு எழுத்து இருக்கும். ‘டி’ (T) நல்லபடியாக முடிந்தது, ‘ஆர்’ ஓடுகிறது, ‘ஈ’ பிழை, சின்ன ‘எஃப்’ படுதோல்வி, ‘ஏ’ யாரோ ரத்து செய்தது. ‘ஆர்’ என்று மணிக்கணக்கில் நின்றால் ‘ஸ்டேட்டஸ் டைரக்டர்’ பாருங்கள். பல சமயம் டேப்பை மாற்றச் சொல்லி அது காத்துக்கொண்டிருக்கும், மாற்ற வேண்டியவர் லீவில் இருப்பார்.

ராத்திரி கரண்ட் இல்லை, சர்வர் அணைந்திருந்தது. அன்றைய பேக்கப் போனதுதானா?

கிரானில் போனதுதான். 2 மணியைத் தவறவிட்டால் அடுத்த நாள் 2 மணிதான். டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்=ட்ரூ’ போட்டிருந்தால், சர்வர் எழுந்ததும் விட்டுப்போனதை ஓட்டிவிடும். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் பில் போட ஆரம்பிக்கும்போது பேக்கப்பும் சேர்ந்து ஓடினால் சிஸ்டம் ஸ்லோ என்று போன் வரும். அதற்கு, பேக்கப்பின் முன்னுரிமையைக் குறைக்கும் ‘நைஸ்’, ‘ஐஓநைஸ்’ சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் 0, எல்லாம் பச்சை. இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

திறந்து பார்க்க வேண்டும். ‘ரெஸ்டிக் செக்’ அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், உள்ளே உள்ள தரவைப் படிக்காது. ‘--ரீட்-டேட்டா-சப்செட்=5%’ சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு பகுதியை எடுத்து உண்மையாகவே படித்துப் பார்க்கும். வாரம் ஒரு தடவை இதை ஓட்டுகிறேன், அதன் எக்ஸிட் கோடையும் தட்டு முகவரியில் சேர்த்திருக்கிறேன்.

அதற்கு மேல் மாதம் ஒரு தடவை, ஏதாவது ஒரு கோப்பை மட்டும் ‘ரெஸ்டிக் ரீஸ்டோர் லேட்டஸ்ட் --டார்கெட் /டிஎம்பி/சோதனை --இன்க்லூட்’ என்று எடுத்து, ஒரிஜினலோடு ‘டிஃப்’ போட்டு வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். எந்தக் கோப்பு என்று அந்த அலுவலகத்தில் இருப்பவர்களையே சொல்லச் சொல்வேன். நான் தேர்ந்தெடுத்தால் எப்போதும் ஒரே கோப்புறையைத்தான் எடுப்பேன் என்று எனக்கே தெரியும். போன மாதம் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜிஎஸ்டி பில்லைச் சொன்னார். ‘டிஃப்’ ஒன்றும் சொல்லவில்லை. அவர் விடவில்லை, அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து, கீழே இருந்த மொத்தத் தொகையைத் தன் நோட்டில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்.